செருப்பில்லாத டென்னிஸ் கிளப்

புதூர்நாட்டு டென்னிஸ் கிளப்பில் ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. யாரும் செருப்போ பூட்ஸோ போட்டுக்கொண்டு ஆடக் கூடாது. ஏனென்றால் கோர்ட் என்பது ஊரின் சாமைக் களம். 1954-இல் வனத்துறைக்காரர்கள் ஆட இடம் கேட்டபோது, போரடிப்பு முடிந்த மாதங்களுக்கு மட்டும் ஊரார் களத்தைக் கொடுத்தார்கள். தானியம் கொட்டும் தரையில் செருப்புக் கால் படாது என்று ஊருக்கு வாக்குக் கொடுத்தவர், கிளப்பில் வேலைக்குச் சேர்ந்த உள்ளூர்க்காரர் தீர்த்தகிரி. வலை கட்டுவது, சாணி மெழுகுவது, சுண்ணாம்புக் கோடு இழுப்பது எல்லாம் அவர் வேலை.

அப்பா அங்கே ரேஞ்சராக இருந்தார். சாயங்காலம் தீர்த்தகிரி தண்ணீர் தெளித்ததும் களத்திலிருந்து ஒரு வாசனை எழும். அப்புறம் எத்தனையோ ஊர்களில் ஆட்டம் பார்த்துவிட்டேன். அந்த வாசனை எங்கும் இல்லை.

1961 மாசியில் வாணியம்பாடிக் குழு பந்தயத்துக்கு வந்தது. எல்லோர் காலிலும் வெள்ளை கான்வாஸ் ஷூ. தீர்த்தகிரி கழற்றச் சொன்னதும், புதிதாக மாற்றலாகி வந்திருந்த வன அதிகாரிக்குக் கோபம்.

"விருந்தாளிங்க வெறுங்காலோடயா ஆடுவாங்க? ஷூவோட ஆடட்டும். நீ வலையக் கட்டுய்யா!"

தீர்த்தகிரி வலையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு களத்தின் நடுவில் உட்கார்ந்துவிட்டார்.

"நாளையிலேர்ந்து உனக்கு வேலை கெடையாது."

"வேல போனா போவுது சார். செருப்புக் காலு பட்டா நான் ஊருக்குள்ளயே போவ முடியாது."

வாணியம்பாடித் தோல் வியாபாரி நசருல்லாதான் சிரித்துக்கொண்டே குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்தார்.

"தோல் விக்கிற நானே கழட்டுறேன். உங்களுக்கு இன்னா சார் கஷ்டம்?"

மற்றவர்களும் கழற்றினார்கள். அதிகாரி மட்டும் பூட்ஸோடு களத்துக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். தீர்த்தகிரி வலை கட்டினார்.

"யா அல்லா, தோசக்கல்லுப்பா இது!" என்று கால் சுட்டு நசருல்லா துள்ளினார்.

"பாய், பந்தப் பாருங்க!" என்று எங்கள் பக்கத்திலிருந்து கத்தினார்கள்.

தீர்த்தகிரியின் வேலை போகவில்லை. அதிகாரிக்குத்தான் சீக்கிரமே மாற்றல் வந்தது. ஐந்து வருஷம் கழித்துக் கிளப்பும் கலைந்துவிட்டது.

போன வாரம், தொண்ணூறை நெருங்கும் தீர்த்தகிரியைப் பார்த்தபோது, பந்தயத்தன்று சாயங்காலம் நடந்ததைச் சொன்னார். ஊர்ப் பெரியவர் சின்னதம்பி தெருமுனையிலேயே காத்திருந்தாராம்.

"யார்னா செருப்போட ஏறுனாங்களாடா?"

"ஒருத்தருகூட இல்ல மாமா."

"செரி, கெலிச்சது யாரு?"

தீர்த்தகிரி தலையைச் சொறிந்தாராம்.

"அது தெரியாது மாமா. நான் எல்லார் காலையுமே பாத்துனு இருந்துட்டேன்."