கட்டில் உயரத்தில் ஒரு வண்டி

போன சித்திரையில் வாலாஜாபாத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்ததிலிருந்து என் மனைவி எந்த வண்டியிலும் ஏறவில்லை. வலது முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, இடது முழங்காலை இன்னும் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறவள். அன்றைக்கு அவள் தம்பியின் வண்டியில் போனோம். ஜீப் மாதிரி உயரமான வண்டி. ஏற இறங்க வீட்டிலிருந்தே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் எடுத்துப் போயிருந்தோம். மண்டப வாசலில் இறங்கும்போது ஸ்டூல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவள் விழவில்லை, மூன்று பேர் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் பன்னீர் தெளிக்க நின்றவர்கள் முதல் நாதஸ்வரக்காரர் வரை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ ஒரு பெண் “பாத்து, பாத்து” என்றாள். முழங்கால் வலியைப் பொறுத்துக்கொள்கிறவளுக்கு அந்தப் “பாத்து, பாத்து” பொறுக்கவில்லை.

திரும்பும்போது, மருமகள் ஓட்டிவந்திருந்த எங்கள் பழைய காரில் வந்தோம். அது தரையோடு தரையாக இருக்கும். உட்காருவது சுலபம், எழுந்திருப்பதுதான் பாடு. வீட்டு வாசலில் நானும் மருமகளும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தோம். வெளியே வந்து நின்றதும் அவள் சொன்னாள்: “இனிமே என்ன எங்கயும் கூப்பிடாதீங்க. நான் இன்னா மூட்டையா, ஏத்தி எறக்கறதுக்கு?”

சொன்னதோடு நிற்காமல் அப்படியே இருந்தும் காட்டினாள். வீட்டு வேலை எல்லாம் செய்வாள், தெருக்கோடி அம்மன் கோயில்வரை நடப்பாள். அதைத் தாண்டி ஓர் அடி இல்லை. தை பிறந்ததும் தென்னேரியிலிருந்து அவள் தங்கை மகள் போன் செய்தாள். மாசியில் வளைகாப்பு. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

“நீ வராம எனக்கு யாரு பெரிம்மா மொத வளையல் போடுவாங்க?”

“வரேன்டி” என்று சொல்லி போனை வைத்தவள் என்னிடம், “நீங்க போய்ட்டு வந்துடுங்க, நான் வூட்ட பாத்துக்கறேன்” என்றாள். அந்தப் பெண்ணை மூன்று வயதுவரை தூக்கி வளர்த்தவள் இவள்.

வெளிநாட்டில் இருக்கும் மகனிடம் மருமகள் என்ன பேசினாளோ தெரியாது. பழைய காரை மாற்றிவிடலாம் என்று அவன் சொன்னான். விலையும் கடனும் அவனும் வங்கியும் பேசிக்கொண்டது, அதில் நான் தலையிடவில்லை. எந்த வண்டி என்பதுதான் என் கவலை. மருமகள் ஏனாத்தூரில் வேலை பார்க்கிறாள். தினமும் பழைய காரை ஓட்டிக்கொண்டு போய்வருகிறவள் அவள்தான். ஆகவே ஓட்டுவது அவள் பொறுப்பு, மற்ற எல்லாவற்றுக்கும் கவலைப்படுவது என் பொறுப்பு என்று நானே பிரித்துக்கொண்டேன்.

எங்கள் தெருவிலிருந்து உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு போய்ச் சேர்வதற்குள் பதினோரு வேகத்தடைகள். அவற்றில் நான்குக்கு வெள்ளைக்கோடு கிடையாது. வண்டியின் அடி இடிக்கக்கூடாது. அதே சமயம், ஏறுகிறவளுக்கு ஸ்டூல் தேவைப்படக்கூடாது. நான் சர்வே துறையில் இருந்தவன். ஓய்வுபெற்ற பின்னும் டேப் இல்லாமல் வெளியே போனதில்லை. என் மனைவி எதிலிருந்து யார் கையும் பிடிக்காமல் எழுந்திருக்கிறாள் என்று சில நாள் கவனித்தேன். சோபாவிலிருந்து முடியவில்லை. நாற்காலியிலிருந்து கைப்பிடியை ஊன்றி எழுகிறாள். கட்டிலிலிருந்துதான் சும்மா எழுந்துவிடுகிறாள். மெத்தையை அழுத்திப்பிடித்துக் கட்டிலை அளந்தேன். சரியாக இரண்டு அடி. அளந்துகொண்டிருக்கும்போது அவள் வந்துவிட்டாள்.

“கட்டிலுக்கு இன்னா, சட்ட தைக்கப் போறீங்களா?”

நான் டேப்பைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

காஞ்சிபுரத்தில் ஒரு ஷோரூமிலிருந்து இன்னொரு ஷோரூமுக்கு நானும் மருமகளும் போனோம். எல்லா இடத்திலும் ஏசி, எல்லா இடத்திலும் காபி. ஒரு விற்பனையாளர், டை கட்டியவர், மேலே கூரை திறப்பதைக் காட்டினார்.

“சன்ரூஃப் சார். இப்ப எல்லாரும் இதத்தான் கேக்கறாங்க.”

“எங்க ஊர்ல வெயில் உள்ள வரலன்னு யாரும் அழல தம்பி” என்றேன். மருமகள் என் கையைக் கிள்ளினாள்.

“சீட்டு தரையிலேர்ந்து எவ்ளோ ஒசரம்?” என்று கேட்டேன். அவர் கையில் இருந்த டேப்லெட்டில் தேடினார். நீளம் இருந்தது, அகலம் இருந்தது, சக்கரத்தின் விட்டம்கூட இருந்தது. சீட்டின் உயரம் இல்லை. நான் டேப்பை எடுத்துக் குனிந்தேன். எதற்கு என்று கேட்டார். சொன்னேன்.

“மைலேஜ் கேப்பாங்க சார், ரீசேல் கேப்பாங்க. கட்டில் ஒசரத்துல வண்டி கேட்டு வந்தது நீங்கதான் மொதல் ஆளு” என்றார். அதற்குப் பிறகு அவரே டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். சின்ன கார்கள் எல்லாம் கட்டிலுக்கு மூன்று நான்கு அங்குலம் கீழே. ஜீப் வகை ஆறு அங்குலம் மேலே. கடைசியில், “காரும் இல்ல, ஜீப்பும் இல்ல சார், ரெண்டுக்கும் நடுவுல. கிராஸ்ஓவர்னு சொல்லுவாங்க” என்று ஒன்றைக் காட்டினார். அளந்தேன். இரண்டு அடியும் அரை அங்குலமும். மெத்தைக்கு மேல் ஒரு போர்வை விரித்த மாதிரி.

நான் அடியில் குனிந்து கல் இடிக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் மருமகள் பின்கதவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். “கடசி கட்டம் வரைக்கும் தொறந்தா நல்லா அகலமா நிக்கிது மாமா” என்றாள். சரி சரி என்றேன். என் கணக்கில் கதவு இல்லை.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னோம். ஷோரூமுக்கு ஒரு நடை வந்து உட்கார்ந்து பார்த்துவிடு என்றேன்.

“போறதுக்கே அந்தப் பழைய காருல ஏறணுமே, அத மறந்துட்டீங்களா?” என்றாள். அதை மறந்துதான் போயிருந்தேன். “அப்பிடியே போனாலும், டை கட்டிக்கினு நாலு பேரு நிக்க, நான் ஏறிக் காட்டி எறங்கிக் காட்டணுமா? சந்தையில மாட்ட நடக்கவிட்டுப் பாக்கற கணக்கா?”

“நீங்க போவ வேணாம் அத்த, வண்டிய இங்க வரச்சொல்றேன்” என்றாள் மருமகள். வீட்டுக்கே கொண்டுவந்து ஓட்டிக்காட்டுவார்களாம். எனக்கு அது தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டை கட்டியவர் வண்டியோடு வந்தார். கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது. எங்கள் தெருவில் அப்படி ஒரு வண்டி ஒரு வீட்டின் முன்னால் நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். நான் கேட்டைத் திறப்பதற்குள் எதிர்வீட்டு அம்மாள் தட்டோடு தெருவைக் கடந்துவிட்டாள். ஆரத்தி, கற்பூரம், குங்குமம், நாலு எலுமிச்சம்பழம். அவள் மடியில் தேங்காய்.

“இன்னாண்ணா, வண்டி எடுத்துக்கினு வரீங்க, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

“இன்னும் எடுக்கலம்மா, பாக்கறதுக்குத்தான்...” என்று நான் முடிப்பதற்குள் வண்டியின் நெற்றியில் சந்தனம் ஏறி, அதன்மேல் குங்குமமும் ஏறிவிட்டது.

விற்பனையாளர் பதறிப்போய் இறங்கினார். “அம்மா, அம்மா, இது டெமோ வண்டிம்மா! சாயந்திரம் வேற கஸ்டமருக்குக் காட்டணும்!”

“அவங்களுக்கும் நல்லது நடக்கட்டுமேப்பா, தள்ளு” என்று சொல்லிவிட்டு அவள் மூன்று சுற்று சுற்றினாள். தேங்காய் உடைந்தது. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. தெருவே கூடிவிட்டது. எண்ணிப் பார்த்தேன், பத்தொன்பது பேர். கும்பிட்டுவிட்டு அந்த அம்மாள் எங்கள் கேட்டைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்: “அக்கா, இன்னா அங்கயே நின்னுக்கினு கீற? வூட்டுக்கார அம்மா மொதல்ல ஏறி ஒக்காரணும், வா!”

பத்தொன்பது தலைகளும் திரும்பின.

என் மனைவி கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தபோது வாலாஜாபாத் மண்டபம் எனக்கு ஞாபகம் வந்தது. இவள் இன்றைக்கு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டால், மாசிக்கு மட்டுமல்ல, எந்த மாதத்துக்கும் வரப்போவதில்லை. ஓடிப்போய் ஸ்டூலைக் கொண்டுவரலாமா, கொண்டுவந்தால் இன்னும் கெட்டுவிடுமா என்று நான் தவித்தேன்.

அப்போது மருமகள் விற்பனையாளரிடம், “அண்ணா, இஞ்சின பாக்கணும்னு எல்லாரும் கேட்டுக்கினு கீறாங்க. பானெட்ட தொறந்து காட்டுங்களேன்” என்றாள்.

யாரும் கேட்கவில்லை. ஆனால் பானெட் தூக்கியதுதான் தாமதம், பத்தொன்பது பேரும் முன்பக்கம் போய்விட்டார்கள். ஆண்கள் முதலில், பிறகு பெண்கள், ஆரத்தித் தட்டோடு எதிர்வீட்டு அம்மாள். நானும் போனேன். பானெட்டைத் தூக்கி நிறுத்தினால் பின்னால் இருக்கிற ஒன்றும் முன்னால் நிற்பவர்களுக்குத் தெரியாது, சுவர் எழுப்பிய மாதிரிதான்.

“எவ்ளோ குடுக்கும் லிட்டருக்கு?” என்றார் ஒருவர்.

“பேட்டரி இம்மாத்தூண்டு கீது?” என்றார் இன்னொருவர்.

“இதுக்குள்ள பூன பூந்துக்கினா இன்னா பண்றது?” என்று எதிர்வீட்டு அம்மாள் கேட்டாள். எங்கள் தெருவில் அது நியாயமான கேள்வி. விற்பனையாளர் அதற்கும் பொறுமையாகப் பதில் சொன்னார்.

பானெட்டை இறக்கியபோது என் மனைவி பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். புடவை மடிப்புக் கலையவில்லை. கண்ணாடி வழியாக எங்களை, என்ன இவ்வளவு நேரம் என்பதுபோலப் பார்த்தாள். மருமகள் ஓட்டுநர் சீட்டில் பெல்ட்டைப் போட்டுக்கொண்டிருந்தாள். எலுமிச்சம்பழங்கள் நசுங்க, வண்டி கிளம்பியது. விற்பனையாளர் முன்னால், நான் பின்னால்.

“எப்பிடி ஏறின?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“காலாலதான்” என்றாள்.

ஏரிக்கரை ரோட்டில் போனோம். அறுவடை நேரம், பாதி ரோட்டில் நெல் காயப்போட்டு ஓரத்துக்குக் கல் வைத்திருந்தார்கள். எதிரில் ஒரு டிராக்டர் வேறு. மருமகள் ஒரு நெல்மணி மேலும் ஏற்றாமல், ஒரு கல்லையும் உரசாமல் ஒதுங்கி நின்று வழிவிட்டாள். டிராக்டர்காரர் கை தூக்கிவிட்டுப் போனார். மூன்று வேகத்தடைகளைத் தாண்டினோம், அடியில் சத்தமே இல்லை. வண்டியைப் பற்றிப் புகார் சொல்ல ஏதாவது அகப்படுமா என்று தேடிக்கொண்டே வந்தேன். அகப்படவில்லை. எனக்கு அது புதிது.

என் மனைவி கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு வெளியே பார்த்தாள். “ஏரியில இவ்ளோ தண்ணி கீதா? எனக்கு யாரும் சொல்லவே இல்ல” என்றாள். ஏரி எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர்.

திரும்பி வந்து நின்றதும் மருமகள், “மாமா, டிக்கிய அளக்கவே இல்லயே நீங்க” என்றாள். ஆமாம் என்று இறங்கிப் போய், விற்பனையாளர் ஒரு முனையைப் பிடிக்க, நீளம் அகலம் ஆழம் மூன்றும் அளந்தேன். நிமிர்ந்தபோது பின்சீட்டு காலி. உள்ளே சமையலறையில் பாத்திரச் சத்தம். டேப்பைச் சுருட்டும்போதுதான் எனக்கு முழுதும் விளங்கியது. அகலமாகத் திறக்கும் கதவு, பானெட், டிக்கி. இவள் ஷோரூமில் விளையாடவில்லை. நான் உயரத்தை அளந்தேன். என் மனைவிக்கு வேண்டியது உயரம் மட்டுமல்ல, யாரும் பார்க்காத அரை நிமிஷமும்தான் என்று இந்தப் பெண் தெரிந்துவைத்திருந்தாள். நாற்பது வருஷத்துக்கு மேல் ஒருத்தியோடு குடும்பம் நடத்தியவனைவிட ஐந்து வருஷத்துக்கு முன் வந்தவள் அவளை நன்றாகப் படித்திருக்கிறாள் என்பதில் எனக்குக் கொஞ்சம்கூட வருத்தமில்லை. மகனுக்கு வாய்த்ததை நினைத்து இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கினேன்.

அதே மாதிரி புது வண்டி ஒன்றை எடுத்தோம். பொட்டு வைத்ததையே திருப்பி அனுப்புவதா என்று எதிர்வீட்டு அம்மாளுக்கு மட்டும் குறை. புதிதாக வந்ததற்கும் அவளேதான் பொட்டு வைத்தாள். டெமோ வண்டியின் சந்தனத்தை இன்னும் துடைக்கவில்லை, அதைப் பார்த்துவிட்டுக் கேட்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள் என்று விற்பனையாளர் போனில் சிரித்தார்.

மாசியில் தென்னேரிக்குப் போனோம். மருமகள் ஓட்டினாள். என் மனைவி பின்சீட்டில், மடியில் வளையல் பெட்டியோடு. அவள் தங்கை வீட்டுத் தெருவில் பந்தல், பந்தலுக்குக் கீழே நாற்காலிகளில் சொந்தக்காரர்கள். வண்டி நின்றதும் எல்லாரும் எழுந்து எங்களை நோக்கி வந்தார்கள். முன்னால் என் சகலை, அவருக்குப் பின்னால் ஒரு கூட்டம். நான் எண்ணவில்லை, நேரமில்லை.

“அந்த லீவர இழும்மா” என்று மருமகளிடம் சொல்லிவிட்டு முதலில் நான் இறங்கினேன். பானெட்டைத் தூக்கிக் கம்பியை முட்டுக்கொடுத்தேன்.

“சகலை, இப்பிடி வாங்க! இஞ்சின பாத்தீங்களா?”

எனக்கு இஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது. இது தண்ணீர் ஊற்றும் மூடி, இது ஆயில் மூடி, இது கண்ணாடி கழுவுகிற தண்ணீருக்கான மூடி என்று மூடிகளை எண்ணிக் காட்டினேன். தீர்ந்துபோனதும் பேட்டரியைக் காட்டினேன். “இதுக்குள்ள பூன பூந்துக்கினா?” என்று சகலை கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் தயாராக இருந்தேன். விற்பனையாளர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். ஓட்டுநர் பக்கக் கதவருகே மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்குள்ளிருந்து “பெரிம்மா!” என்று ஒரு கூவல் கேட்டது. நான் பானெட்டை மூடினேன்.