தண்ணீர் யோசிக்கும் நேரம்

குமுதாவின் மண்டையைக் குடைய ஆரம்பித்தது ஒரு சின்னப் புத்தகம். கையகல அட்டை, உள்ளே வெறும் எண்கள். கடல் தண்ணீர் எத்தனை மணிக்கு ஏறி முடியும், எத்தனை மணிக்கு இறங்கி முடியும் என்று வருடத்தின் ஒவ்வொரு நாளுக்கும் நேரம் போட்டிருக்கும். ஜனவரி பிறந்ததும் தோட்டத்து ஆபிசிலிருந்து அவளுக்குக் கொடுத்தனுப்புவார்கள்.

அது இல்லாமல் அவள் வேலை ஓடாது. மலேசியாவில் ஜெராமுக்கும் கோல சிலாங்கூருக்கும் நடுவில், ஓர் ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள அந்த எண்ணெய்ச் செம்பனைத் தோட்டம் தாழ்ந்த நிலம். கடல் ஏறும்போது தோட்டத்தை விட உயரத்தில் நிற்கும். நடுவே ஒரு மண் அணை, அணையில் ஓர் இரும்புக் கதவு. வெளியே தண்ணீர் ஏறும்போது கதவை மூடிவைக்க வேண்டும், இறங்கும்போது திறந்து தோட்டத்து மழைத் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். தப்பான நேரத்தில் திறந்தால் உப்புத்தண்ணீர் உள்ளே பாய்ந்து மரங்களைக் கெடுத்துவிடும், கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்குள்ளும் புகுந்துவிடும். பதினாறு வருடங்களாகக் குமுதாதான் அந்தக் கதவுக்குப் பொறுப்பு. ஆண்கள் யாரும் அந்தக் கொசுக்காட்டில் உட்காரச் சம்மதிக்காததால் அவளுக்குக் கிடைத்த வேலை அது, பிறகு அவளிடமிருந்து யாராலும் வாங்க முடியவில்லை.

ஒருநாள் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தவள் டிசம்பர் பக்கத்தில் நின்றுவிட்டாள். அப்போது மார்ச் மாதம். டிசம்பரில் கடல் என்ன செய்யப்போகிறது என்று யாரோ ஒருத்தர் மார்ச்சுக்கு முன்பே நிமிடக் கணக்காய் எழுதிவைத்திருக்கிறார், அதுவும் அச்சடித்து. வருடாவருடம் கையில் வைத்திருந்த புத்தகம்தான், அன்றைக்குத்தான் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

ஆபிசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி சத்தியசீலனிடம் கேட்டாள். "இத எப்படிங்க முன்கூட்டியே எழுதுறாங்க?"

"எல்லாம் கணக்கு லா," என்றார் அவர், தலையைத் தூக்காமலே.

என்ன கணக்கு என்று அவருக்கும் தெரியாது. சொல்லிவிட்டு அவர் மறந்துவிட்டார், குமுதா மறக்கவில்லை. விசாரித்து விசாரித்து, வேலை செய்துகொண்டே படிக்கிற பெரியவர்களுக்கான ஒரு பல்கலைக்கழகத்தில் கணிதப் பட்டத்துக்குப் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தாள். அப்போது அவளுக்கு வயது முப்பத்தெட்டு. முதல் வருடத்திலேயே வழியை மறித்துக்கொண்டு நின்றது கால்குலஸ்.

முதல் தடவை ஆங்கிலம் காலை வாரியது. இரண்டாம் தடவை பின்னங்கள் வாரிவிட்டன. மூன்றாம் தடவையும் தோற்றால் பெயரை எடுத்துவிடுவார்கள், அது பல்கலைக்கழகத்தின் சட்டம். அதற்கப்புறம் அந்தச் சின்னப் புத்தகம் எப்படி எழுதப்படுகிறது என்பது அவளுக்கு ஆயுசுக்கும் தெரியப்போவதில்லை. இந்த விஷயத்தை அவள் கணவன் ரெங்கசாமியிடம் மட்டும் சொல்லியிருந்தாள். அவன் செம்பனைப் பழ லோரி ஓட்டுகிறவன். சனிக்கிழமைகளில் லோரியை விட்டுவிட்டு அவளுக்காகக் கதவைக் காவல் காத்தான். வேடிக்கை பேசுவானே தவிர, ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை.

வகுப்பு கிள்ளானில். அவள் மோட்டார் சைக்கிளில் போவாள். சொல்லிக்கொடுத்தவர் தர்மினி, கிள்ளான்காரர், யாழ்ப்பாணத்துக் குடும்பம், குமுதாவை விடப் பத்து வயது இளையவர். ஆங்கிலத்தில் பாடம் நடத்துவார், முழிக்கிற முகத்தைப் பார்த்தால் தமிழுக்கோ மலாய்க்கோ தாவுவார். மூன்றாம் தடவையாக வந்து உட்கார்ந்தவளை ஒரு சொல் தாழ்வாகப் பேசியதில்லை.

அந்தத் தடவைதான் குமுதாவுக்குக் கண் திறந்தது. ஒரு கணத்துக்குள் வேகம் எப்படி இருக்க முடியும் என்று தர்மினி கேட்டார். அரை மணி நேரத்தில் இவ்வளவு தூரம் என்றால் சரி, பத்து நிமிடத்தில் இவ்வளவு என்றாலும் சரி, நேரமே இல்லாத ஒரு புள்ளியில் எப்படி? பலகையில் நேரத்தைச் சுருக்கிக்கொண்டே போனார். பத்து நிமிடம், ஒரு நிமிடம், ஒரு விநாடி. எண்கள் தடுமாறாமல் ஒரே இடத்தை நோக்கிப் போய்ச் சேர்ந்தன. குமுதா பேனாவை வைத்துவிட்டாள். கதவருகே நடப்பட்ட அளவுக்கம்பை அவள் அரைமணிக்கு ஒருதரம் பார்த்துக் குறிப்பவள். இரண்டு குறிப்புகளுக்கு நடுவில் தண்ணீர் என்ன செய்தது என்பது யாருக்கும் தெரியாது என்றே அவள் இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள். அதையும் ஒரு கணம் விடாமல் பிடித்துவைக்க ஒரு வழி இருக்கிறது, அதை யாரோ மனிதர்களே கண்டுபிடித்திருக்கிறார்கள். வீடு திரும்பும்போது வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நின்றாள்.

வேகம் பூஜ்யமாகும் இடம் வந்தபோது அவளுக்கு ஒரே கொண்டாட்டம். அது அவள் தினமும் பார்க்கிற சங்கதி. ஏற்றம் முடிந்து இறக்கம் தொடங்கும் முன் தண்ணீர் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கும். கதவு வேலை பார்த்தவர்கள் அதற்கு ஒரு பேச்சு வைத்திருந்தார்கள்: தண்ணி யோசிக்குது. யோசித்து முடித்தால் திரும்பிவிடும். குமுதா தன் நோட்டுப் புத்தகத்தில், பூஜ்யம் வருகிற இடத்திலெல்லாம் 'யோசிப்பு' என்று எழுதிவைத்தாள்.

நடுத்தவணைத் தேர்வில் அந்த யோசிப்பே அவளைக் கவிழ்த்தது. ஒரு வளைகோடு, ஓரிடத்தில் வேகம் பூஜ்யம், அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று கேள்வி. 'இங்கே உச்சம், இதற்கு மேல் இறங்கும்' என்று தயங்காமல் எழுதினாள். பத்துக்குப் பூஜ்யம் வந்தது.

வகுப்பு முடிந்ததும் தர்மினி வெள்ளைப் பலகையில் அந்தக் கோட்டை வரைந்து காட்டினார். ஏறி வந்த கோடு ஓரிடத்தில் தட்டையாகிறது, பிறகு மறுபடியும் ஏறுகிறது.

"நின்னுட்டா திரும்பித்தான ஆகணும் மிஸ்," என்றாள் குமுதா.

"கட்டாயம் இல்லக்கா. நின்னுட்டு அதே பக்கமாவும் போகலாம்."

"அப்படித் தண்ணியே கிடையாது மிஸ். பதினாறு வருஷமா பாக்குறேன்."

தர்மினி சிரிக்கவில்லை. "பூஜ்யத்த மட்டும் பாத்தா எந்தப் பக்கம் போவும்னு சொல்ல முடியாது. இடது பக்கம் என்னா நடந்துச்சுன்னு பாத்தீங்க. வலது பக்கம் பாத்தீங்களா?"

குமுதா பையை எடுத்துக்கொண்டாள். காகிதத்தில் எதை வேண்டுமானாலும் வரையலாம், அவளுக்கென்ன. மனதுக்குள் ஒப்புக்கொள்ளாமலே வீட்டுக்கு வந்தாள். இறுதித் தேர்வுக்கு ஐந்து வாரம் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து மழை பிடித்துக்கொண்டது. மலைப்பக்கம் மூன்று நாளாக ஊற்றுவதாகக் கேள்வி. தோட்டத்துக் கால்வாய்கள் விளிம்பு வரை நிரம்பிவிட்டன. நான்காம் நாள் காலை, ஏற்றம் பதினொன்று இருபதுக்கு முடியும் என்று சின்னப் புத்தகம் சொன்னது. தோட்ட வேலைகளை மேற்பார்க்கும் மண்டோர் அப்பளசாமி போன் மேல் போன் போட்டார்.

"குமுதா, லயத்து வாசல்வர தண்ணி வந்துருச்சு. ஏத்தம் நின்ன ஒடனே தொறந்துரு, கேட்டியா?"

"சரிங்க மண்டோர்."

இதில் ஒரு கைப்பழக்கம் உண்டு. சக்கரத்தைச் சுற்றிக் கதவைத் தூக்கக் கால்மணி நேரம் ஆகும். ஆகவே தண்ணீர் யோசிக்கத் தொடங்கியதுமே அவள் சுற்ற ஆரம்பித்துவிடுவாள். கால்வாய் நிரம்பிய நாட்களில், கதவு மேலே ஏறுவதற்குள் வெளித் தண்ணீர் உள்தண்ணீரை விடக் கீழே போயிருக்கும். ஒரு நாளும் தவறியதில்லை.

பதினொன்று இருபதுக்குக் கம்பில் மூன்று புள்ளி நான்கு ஐந்து மீட்டர். பதினொன்று முப்பதுக்கும் அதே மூன்று புள்ளி நான்கு ஐந்து. ஒரு காய்ந்த மட்டை கதவுக்கு முன்னால் அசையாமல் கிடந்தது. தண்ணீர் யோசிக்கிறது. குமுதா சக்கரத்தில் இரண்டு கையையும் வைத்தாள்.

வைத்தவள் சுற்றவில்லை. வலது பக்கம் பார்த்தீங்களா என்று தர்மினி கேட்டது காதில் விழுந்தது. இடது பக்கம் ஏற்றம், அது தெரியும். இப்போது பூஜ்யம். வலது பக்கம் இன்னும் வரவேயில்லை. வராத ஒன்றைப் பதினாறு வருடமாகத் தெரிந்ததுபோல் வைத்துக்கொண்டு சக்கரம் சுற்றியிருக்கிறோமே என்று அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. போன் அடித்தது. எடுக்கவில்லை.

பதினொன்று நாற்பதுக்கு மூன்று புள்ளி நான்கு ஏழு.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். நான்கு ஏழுதான். பதினொன்று ஐம்பதுக்கு மூன்று புள்ளி ஐந்து நான்கு. மட்டை அசைந்து, கடல் பக்கம் போகாமல் கதவில் வந்து மோதியது. மலையில் பெய்த மழையெல்லாம் ஆற்றோடு இறங்கி, நின்றுபோன கடல் ஏற்றத்தின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. ஏறி வந்த தண்ணீர் நின்றது, யோசித்தது, பிறகு அதே பக்கமாக மறுபடியும் ஏறியது. வெள்ளைப் பலகையில் தர்மினி வரைந்த கோடு அவள் கண் முன்னால் பழுப்பு நிறத்தில் நின்றது.

குமுதா சக்கரத்தை விட்டு ஓர் அடி விலகினாள். சக்கரத்தைச் சுற்றியிருந்தால் இந்நேரம் கதவு பாதிக்கு மேல் ஏறியிருக்கும். பாயத் தொடங்கிவிட்ட தண்ணீருக்கு எதிராகக் கதவைக் கையால் இறக்க முடியாது. லயத்தில் குழந்தைகள் இருந்தார்கள். அந்தப் பயத்துக்கும் மேலே இன்னொன்று அவளை ஆட்டிவைத்தது. இந்தக் கதவைப் பார்க்காதவர்கள், இந்த மழையில் நனையாதவர்கள், எங்கேயோ உட்கார்ந்து ஒரு கோட்டை வரைந்து, இப்படியும் நடக்கும் என்று சொல்லிவைத்திருக்கிறார்கள். தினம் தண்ணீரைப் பார்க்கிற அவள்தான் கிடையவே கிடையாது என்று வாதாடினாள்.

போனை எடுத்தாள். "மண்டோர், தண்ணி இன்னும் ஏறுது. தொறக்க மாட்டேன்."

"என்னா சொல்ற? மணி பன்னெண்டாவுது."

"வந்து பாருங்க."

அப்பளசாமி வந்து பார்த்தார். கம்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், வெற்றிலையைத் துப்பினார். "எப்படித் தெரிஞ்சுச்சு ஒனக்கு?"

"தெரியல மண்டோர். அதுனாலதான் சும்மா நின்னேன்."

லயத்தில் தேங்கிய மழைத் தண்ணீர் முழங்காலைத் தொடவில்லை. பிற்பகல் மூன்று மணிக்கு வெளித் தண்ணீர் உண்மையிலேயே இறங்கிய பிறகு, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் சக்கரத்தைத் தொட்டாள்.

இறுதித் தேர்வில் நான்காவது கேள்வி. வேகம் பூஜ்யமாகும் இடங்கள் இரண்டு, ஒவ்வொன்றிலும் என்ன நடக்கிறது? முதல் இடத்துக்கு இடமும் வலமும் போட்டுப் பார்த்தாள். ஏறி, நின்று, இறங்கியது. இரண்டாவது இடத்தில் இறங்கி, நின்று, மறுபடியும் இறங்கியது. 'இது திரும்பவில்லை' என்று எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டாள்.

முடிவு வந்த நாளில் ரெங்கசாமி கதவடியில்தான் இருந்தான். போனை அவள் முன்னால் நீட்டினான். "தொறந்து பாரு. ஒனக்காவ எத்தன சனிக்கிழம கொசுக்கடி வாங்கியிருக்கேன்."

"இருங்க, தண்ணி யோசிக்குது." கம்பைப் பார்த்து, பத்து நிமிடம் கழித்து மறுபடியும் பார்த்து, இறக்கம்தான் என்று தெரிந்த பிறகே போனை வாங்கினாள். சி பிளஸ். தேறிவிட்டாள்.

ரெங்கசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொசு என்றான். குமுதா உடனே தர்மினியை அழைத்தாள். நன்றி சொல்லத்தான் அழைத்தாள், வாயில் வந்தது வேறு.

"மிஸ், அந்தத் தண்ணிப் புத்தகத்த எழுதுற கணக்கு, அது இன்னும் எவ்ளோ தூரம்?"

தர்மினி வாய்க்குள் எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "இன்னும் மூணு பாடம் தள்ளி இருக்குக்கா."

"மூணுதானா," என்றாள் குமுதா, சக்கரத்தைச் சுற்றத் தொடங்கினாள்.