பூனைக் கண் பெட்டி

தண்ணீரில் பாதரசம் எவ்வளவு என்று நிக்காசியாவின் கைப்பேசி இப்போது எண்ணாகவே சொல்லிவிடுகிறது. அவளுக்கு அது பிடிக்கவில்லை. எண்ணைப் பார்த்து யார் என்ன பேச முடியும்? முன்பு தண்ணீரைச் சோதிக்க ஒரு கருப்புப் பெட்டி இருந்த காலத்தில் அத்ராத்தோ ஆற்றின் படித்துறைகளில் கூட்டம் கூடும், கேலி பறக்கும், யாராவது பொரித்த வாழைக்காயை அவள் கையில் திணிப்பார்கள். நினைத்தால் இன்றும் அவளுக்கு ஏக்கமாக இருக்கிறது.

மீன் வாங்கப் படகில் ஊர் ஊராகப் போகிறவள் என்பதால்தான் பல்கலைக்கழகத்துக்காரர்கள் பெட்டியை அவளிடம் கொடுத்தார்கள். குப்பியில் தண்ணீர், அதில் ஒரு சொட்டு மருந்து. உள்ளே நீல விளக்கைப் போட்டுத் துளை வழியே பார்த்தால் தண்ணீர் பச்சையாக ஒளிரும். பாதரசம் இருந்தால் ஒளி அணைந்துவிடும். அணைந்தால் நல்லது என்று பாதிப் பேர் நினைத்துத் தொலைத்தார்கள். விளக்கி விளக்கி வாய் வலித்த நிக்காசியா பெட்டிக்குப் பூனை என்று பேர் வைத்தாள். பூனை கண்ணைத் திறந்திருந்தால் குடிக்கலாம், மூடினால் கூடாது. அதன்பிறகு ஒருவருக்கும் குழப்பமில்லை.

“அக்கா, உன் பூனைக்கு மீன் போட்டியா? இல்லாட்டி எங்க தண்ணியக் குறை சொல்லுமே!” என்பாள் அடுத்த ஊர்த் துறையில் துணி துவைக்கும் ஒமாயிரா.

“உன் மூஞ்சியப் பார்த்தாலே அது கண்ண மூடிக்கும், போடி!”

ஒரு மழைக்காலக் காலையில், அவள் சொந்த ஊர் ஓடையில் பூனை கண்ணை மூடியது. ஊரே குடிக்கும் ஓடை. அதன் மேல்பக்கத்தில் தங்கம் அரிப்பவன் ஒருவன்தான், அவள் புருஷன் எவரிஸ்டோ. பொன்தூளைத் திரட்டப் பாதரசம் ஊற்றுகிறவன். சொன்னால் ஊர் அவனைச் சும்மா விடாது. சொல்லாவிட்டால் பிள்ளைகள் குடிக்கும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே அவனிடம் போய்க் காட்டினாள்.

“பாட்டரி தீர்ந்திருக்கும்டி.”

“அப்ப மழைத்தண்ணிய ஊத்திப் பாருய்யா.”

ஊற்றினான். பச்சையாக ஒளிர்ந்தது. மறுபடி ஓடைத் தண்ணீரை ஊற்றினான். இருட்டு. மூன்று முறை மாற்றி மாற்றிப் பார்த்தான்.

“யார்கிட்டயாச்சும் சொல்லிட்டியா?”

“இன்னும் இல்ல.”

“சொல்லாத.”

அவளுக்குப் பகீரென்றது.

“நானே சொல்றேன்” என்றான்.

அன்று முழுக்க ஓடைக்கரையில் நின்று, வாளியோடு வந்த ஒவ்வொருவரையும் திருப்பி அனுப்பினான். “எடுக்காதீங்க. நான்தான் கெடுத்துட்டேன்.” திட்டியவர்களிடமும் அதையே சொன்னான். கைப்பிள்ளைக்காரி ஒருத்தி ஆத்திரத்தில் வாளியை அவன்மேல் வீசிவிட்டுப் போனாள். அவன் அதை எடுத்துப் போய், தன் வீட்டு மழைத்தொட்டித் தண்ணீரை அதில் நிரப்பி, அவள் வாசலில் வைத்துவிட்டு மறுபடி கரைக்கு வந்து நின்றான்.

படகிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த நிக்காசியா அழுதாள். கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் அந்த மனிதனை அவளுக்கு அவ்வளவு பிடித்தது அன்றைக்குத்தான்.