தண்ணீர் ஊற்றாத சோறு

எண்பதுகளின் தொடக்கம். பழவேற்காடு ஏரிக்கரையில், கோட்டைக்குப்பத்தில் நாங்கள் குடியிருந்தபோது என் மனைவிக்கு மூன்றாம் மாதம். முந்தைய வருடம் ஒன்று தங்கி, நாலாம் மாதத்தில் கலைந்துபோயிருந்தது. இந்த முறை மீன் வாசனை பட்டாலே அவளுக்குக் குமட்டியது. ஏரியில் மீன், கூடையில் மீன், கொடியில் காயும் என் லுங்கியிலும் மீன். அந்த வாசனை இல்லாத இடத்துக்கு அவள் எங்கே போவாள்? ரசம் தங்கவில்லை, கஞ்சியும் தங்கவில்லை. பொன்னேரி ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா எடை பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். எடை இறங்கிக்கொண்டே வருகிறது, இப்படியே போனால் இதையும் காப்பாற்றுவது கஷ்டம் என்றார்.

பயம் வந்தால் எனக்குக் கோபம் வரும். அது என் சுபாவம். வீட்டுக்கு வந்ததும் அவள்மேல் பாய்ந்தேன்.

“இன்னாதான்மே துன்னுவே? வாயத் தொறந்து சொல்லு.”

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “கல்யாணமான புதுசுல மெட்ராஸ்ல துன்னோமே, சைனா ஓட்டல் சோறு. அது இருந்தா எறங்கும்னு தோணுது.”

அந்த ஓட்டலில் சர்வராக இருந்தவன் என்னோடு படித்தவன். பழவேற்காட்டில் பழைய வியாபாரக் குடும்பம். நல்லவேளையாக அப்போது லீவில் வந்திருந்தான். நான் சமைக்கப் போகிறேன் என்றதும் சிரித்தான். பிறகு விஷயத்தைச் சொன்னேன், சிரிப்பு நின்றுவிட்டது.

“தீ பெருசா எரியணும். கோசு, கேரட்டு, பீன்ஸு எல்லாத்தையும் பொடிசா நறுக்கு. சோறு மட்டும் மொத நாள் சோறா இருக்கணும்டா. சுடுசோறப் போட்டா கொழஞ்சிடும்.” வீட்டில் செய்து காட்டுவதற்காகக் கொண்டுவந்திருந்த சோயா சாஸில் பாதி பாட்டிலையும் கொடுத்தான்.

புது இரும்பு வாணலி வாங்கினேன், எங்கள் வாணலியில் மீன் எண்ணெய் ஊறிக்கிடந்ததால். கையை எலுமிச்சம்பழம் வைத்துத் தேய்த்துக் கழுவினேன். கொல்லையில் கல் கூட்டி, சவுக்கு விறகை எரியவிட்டேன். முதல் நாள் சோறு என்றால் எங்கள் வீட்டில் ஒன்றுதான் உண்டு. பானையில் கை விட்டு, தண்ணீரில் ஊறிக்கிடந்த சோற்றை அள்ளிப் பிழிந்து காய்ந்த எண்ணெயில் போட்டேன். எண்ணெய் வெடித்து முழங்கை வரை தெறித்தது. புளித்த ஆவி கிளம்பியது. சாஸை ஊற்றியதும் எல்லாம் சேர்ந்து கறுப்புக் களியானது. அவள் கிட்டே வந்து பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். நான் கரண்டியை வேலிக்கு அப்பால் வீசினேன்.

நேராகப் பழவேற்காட்டுக்குப் போய் அவன் வீட்டு வாசலில் நின்று கத்தினேன். “நீ சொன்ன மாரி மொத நாள் சோத்தத்தான்டா போட்டேன்!”

அவனுக்குப் புரியச் சற்று நேரமானது. “அய்யோ, தண்ணி ஊத்தாத சோறுடா! தட்டுல பரப்பி ஆறவுட்டு அப்படியே வெச்சிரணும்.”

மீந்த சோறு தண்ணீர் இல்லாமல் ஒரு ராத்திரி இருக்கும் என்பதே எனக்குத் தெரியாது. அன்று மத்தியானமே சோறு வடித்துத் தாம்பாளத்தில் பரப்பி, துணி மூடிவிட்டு வலை பார்க்கப் போனேன். விடிந்து பார்த்தால் தாம்பாளம் கழுவிக் கவிழ்த்திருந்தது. என் அம்மா சோற்றை வழித்துப் பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றியிருந்தாள்.

“யாரும்மா உன்ன ஊத்தச் சொன்னது?”

“இன்னா நைனா கத்துற? மீந்த சோத்துல தண்ணி ஊத்தாம படுத்தா நாளைக்கு வூட்ல சோறு தங்குமா?”

“சோறு தங்குறது இருக்கட்டும். அவ வயித்துல இருக்கிறது தங்க வேணாமா?”

சொன்ன பிறகுதான் உள்ளே படுத்திருந்த என் மனைவி காதிலும் விழுந்திருக்கும் என்று உறைத்தது. அம்மா மறுபடி அரிசியைக் களைந்து உலையில் போட்டாள். அன்று பொழுது சாயும்வரை அவளே தாம்பாளத்தின் பக்கத்தில் உட்கார்ந்து காக்கை ஓட்டினாள். ராத்திரி பானையைக்கூட வெளியே வைத்துவிட்டாள், பழக்கத்தில் கை போய்விடக் கூடாதென்று.

மறுநாள் சோறு உதிரி உதிரியாக இருந்தது. வாணலி புகையும்வரை காத்திருந்து, காயைப் போட்டு, சோற்றைப் போட்டு, ஓரமாகக் கொஞ்சமே கொஞ்சம் சாஸ் விட்டுப் புரட்டினேன். உப்பு குறைவு. பீன்ஸ் சரியாக வேகவில்லை. தட்டை வாங்கி அவள் மெதுவாகச் சாப்பிட்டாள். நானும் அம்மாவும் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

“ரெண்டு பேரும் அந்தாண்ட போங்க. பாத்துக்கினே இருந்தா எப்படித் துன்றது?” என்றாள். சோறு வெளியே வரவில்லை.

அதற்குப் பிறகு தினமும் அதையே சமைத்தேன். “இன்னா மாஸ்டர், இன்னிக்கு ஓட்டல் உண்டா?” என்று கரையில் கேலி செய்தார்கள். செய்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்; கோபம் வராதது எனக்கே ஆச்சரியம்தான். என் மனமெல்லாம் ஒரு நாள்மேல்தான் இருந்தது. போன தடவை கலைந்தபோது எத்தனை நாள் ஆகியிருந்ததோ, இந்தப் பிள்ளைக்கும் அத்தனை நாள் ஆக வேண்டும். ஒவ்வொரு நாளாக எண்ணிக்கொண்டிருந்தேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் பயந்துவிடுவாள், பயந்தால் சாப்பிடமாட்டாள்.

அந்த நாளும் வந்தது. ஏரிக்குப் போகவில்லை, உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். மத்தியானம் தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் போட்டுக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“போன வாட்டி இந்த நேரத்துக்கெல்லாம் வலி கண்டுடிச்சி,” என்றாள்.

அவள் குனிந்து மிச்சத்தைச் சாப்பிட்டு முடித்தாள்.

“இன்னும் கொஞ்சம் போடு.”