பெப்பர்பாட் ஒடெஸா

சூப்பை அள்ளுமுன், தலைக்கு மேல் மாட்டியிருக்கும் கண்ணாடியை ஒருதரம் பார்த்துக்கொள்வார் ஒடெஸா கிரைம்ஸ். பிலடெல்பியாவின் பழைய சந்தைக் கூடத்தில் அடுப்புக்கு நேர் மேலே பேருந்துக் கண்ணாடி தொங்கும் கடை அவருடையது மட்டும்தான். வரிசை சற்று நீண்டால் திரும்பாமலே குரல் கொடுப்பார்: "உள்ள தள்ளி நில்லுங்க கண்ணு, வாசல்ல கூட்டம் போடாதீங்க." அங்கே வாசலும் கிடையாது, உள்ளும் கிடையாது, ஒரு மேடையும் சில முக்காலிகளும்தான். நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். சாப்பிட வருகிறவர்கள் பயணிகள் இல்லை என்பது இன்னும் அவர் மனதில் பதியவில்லை.

நல்ல உயரம். வேலைநாளில் போட்ட கறுப்புச் சப்பாத்துதான் இன்றும். தினமும் பாலிஷ் போட்டுத்தான் வருவார்.

விற்பது ஒன்றே ஒன்று, பெப்பர்பாட். மாட்டுக் குடலைப் பொறுமையாக வேகவைத்து, கன்றின் எலும்பு, கீரை, கிராம்பு, மிளகு, தொண்டையைக் கவ்வும் மிளகாய் எல்லாம் சேர்த்த சூப். ஒரு காலத்தில் கறுப்பினப் பெண்கள் இந்த நகரத்துத் தெருமுனைகளில் பானையோடு நின்று கூவி விற்றது. பிறகு தெருவிலிருந்து போனது, டின்னில் வந்தது, டின்னும் போனது. ஒடெஸா அதன் பக்குவத்தைச் சேகரித்தது பேருந்தில்தான். சிவப்பு விளக்கு விழுந்தால் போதும், முன்வரிசையில் இருக்கும் வயதானவர்களைக் கேட்பார். மாவுருண்டை போட வேண்டும் என்பார் ஒருவர். உருண்டை போட்டால் அது பெப்பர்பாட்டே இல்லை என்பார் அடுத்தவர். இறங்கவேண்டிய நிறுத்தம் தாண்டியும் சண்டை நடக்கும். ஒடெஸா உருண்டை போடுகிறார். கேட்டால், "உருண்டைக் கட்சிதான் ஜெயிச்சுது" என்பார்.

கடை போட்ட புதிதில் ஜெயிக்கிற அறிகுறி எதுவும் இல்லை. மணம் பிடித்து வருகிறவர்கள் என்ன கறி என்று கேட்பார்கள். குடல் என்றதும் கைப்பேசியைப் பார்த்தபடி நழுவிவிடுவார்கள். வேகும் வாடை தன் சர்க்கரையில் இறங்குகிறதென்று பக்கத்து டோனட் கடைத் தாடிக்காரர் பைலர் சந்தை மேலாளரிடம் முறையிட்டார். மார்ச் வரை பார்ப்போம், தேறாவிட்டால் இடம் பழச்சாறுக் கடைக்கு என்றார் மேலாளர். தங்கை வெர்னெட் கோழியைப் போடச் சொல்லிக் கெஞ்சினாள். யாருக்குத் தெரியப்போகிறது என்றாள்.

"எனக்குத் தெரியுமே," என்றார் ஒடெஸா. "குடலை எடுத்துட்டா அது வேற சூப்பு. அத விக்க ஊர்ல ஆளா இல்ல?"

மறுநாள் முதல் குடலை உப்பும் வினிகரும் போட்டு இன்னொரு தடவை கூடுதலாக அலசினார். வேறெதையும் மாற்றவில்லை. மிஞ்சியதைச் சந்தைக் காவலாளிகளுக்கு ஊற்றினார்.

பிப்ரவரியில் ஒருநாள் பனி கொட்டித் தீர்த்தது. ரயில்கள் நின்றுபோக, வீடு திரும்ப நிலையத்துக்கு வந்தவர்கள் பக்கத்திலிருந்த சந்தைக்குள் ஒதுங்கினார்கள். ரொட்டி வண்டி வராததால் சாண்ட்விச் கடைகள் மூடிவிட்டன. ஒடெஸாவின் பானை கொதித்துக்கொண்டிருந்தது. தொப்பியில் பனியோடு வந்த ஒரு நர்ஸ் இதில் என்ன இருக்கிறது என்று கேட்டாள்.

"மாட்டுக் குடல். பிடிக்கலைன்னா வச்சிட்டுப் போ கண்ணு, கோவிச்சுக்க மாட்டேன்."

அவள் குடல் துண்டுகளை ஓரம் ஒதுக்கிவிட்டுச் சாற்றை மட்டும் குடித்தாள். மூக்கு ஒழுகியது. கோட்டைக் கழற்றினாள். பிறகு ஒரு துண்டை எடுத்து, யோசித்து யோசித்து மென்றாள். அடுத்ததை யோசிக்காமல் மென்றாள். ஒடெஸா கேட்காமலே இன்னொரு கரண்டி ஊற்றினார். அன்று வரிசை டோனட் கடையைச் சுற்றி வளைந்தது. பைலரும் அதில் நின்றார். "வாடை பழகிருச்சு," என்றார், எங்கோ பார்த்தபடி.

அடுத்த வாரம் பனி இல்லை. ஆனாலும் நர்ஸ் வந்தாள், கூட இரண்டு பேரோடு. மார்ச்சும் வந்து போனது. மேலாளர் பழச்சாற்றைப் பற்றிப் பேசவில்லை.

போன சனிக்கிழமை பானை காலியான பிறகும் ஆட்கள் நின்றார்கள். திங்கட்கிழமை வரச்சொல்லி அவர்களை அனுப்பிவிட்டு, ஒடெஸா மேல்தட்டிலிருந்து இன்னொரு பெரிய பானையை இறக்கினார். கடை போட்ட அன்றே வாங்கியது, ஒருநாளும் அடுப்பேறாதது. பாத்திரக் கடை விலைச்சீட்டு இன்னும் அதன் வயிற்றில் ஒட்டியிருந்தது. முக்காலியில் உட்கார்ந்து, பானையை மடியில் வைத்துக்கொண்டு, கட்டைவிரல் நகத்தால் அந்தச் சீட்டைச் சுரண்டத் தொடங்கினார்.