புரட்டாதியில் பூத்த நாலு கொத்து

அந்த வருடம் ஒக்டோபர் பிறந்தும் குளிர் எட்டிப் பார்க்கவில்லை. பிரெஞ்சு பேசுகிற இந்தக் குளிர் ஊரில், பியர்பொன்ட்ஸில், எங்கள் தெருவே அரைக்கைச் சட்டையோடு திரிந்தது. வழக்கமாகச் செப்டெம்பர் கடைசியில் கறிவேப்பிலைச் சட்டியையும் மல்லிகைச் சட்டியையும் வீட்டுக்குள் தூக்கி வைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன். அந்த முறை இரண்டும் வெளியிலேயே நின்று புதுத் துளிர் விட்டுக்கொண்டிருந்தன. ஓய்ந்துபோன தக்காளிச் செடியில் மஞ்சள் பூ, ஸ்ட்ரோபெரிப் பாத்தியில் வெள்ளைப் பூ. அவை காயாகப் போவதில்லை என்று தெரியாமல் தேனீக்கள் வந்து வந்து போயின.

எனக்கு இப்படி ஒழுங்கில்லாத வேலைகள் பிடிக்காது. எதற்கும் ஒரு நேரகாலம் வேண்டும் என்கிற ஆள் நான். பகலில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற கார்தெரி ஒன்றில் மூன்று வயதுப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டுவதுதான் என் வேலை. சாப்பாடு பதினொன்றரைக்கு என்றால் பதினொன்றரைக்குத்தான். வீட்டிலும் நான் அப்படியே என்று கணவர் தன் நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பார். நான் கேட்காத மாதிரி இருந்துவிடுவேன்.

ஆனால் வேலியோரத்து லிலா பூத்தபோது மட்டும் நான் வாயே திறக்கவில்லை. ஆங்கிலத்தில் லைலாக் என்பார்கள், இங்கே பிரெஞ்சில் லிலா. எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு கம்பி வேலி. அதன் மறுபக்கத்தில் நிற்கிறது அந்த மரம். கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ. மே மாதக் கடைசியில் இரண்டு கிழமை பூத்துவிட்டு, பிறகு வருடம் முழுக்கச் சும்மா நிற்கும். அந்தக் கோடை மழையில்லாமல் போய், ஆவணியிலேயே இலையெல்லாம் கருகிக் கொட்டிவிட்டது. மரம் செத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். புரட்டாதியில் பார்த்தால் நுனியில் சின்னச் சின்னப் பச்சை இலை, இலைக்கு நடுவில் மொட்டு. நவராத்திரி தொடங்கிய கிழமை நாலு கொத்து விரிந்திருந்தது. நாலும் எங்கள் பக்கம் சாய்ந்த கிளைகளில்.

சரஸ்வதிக்கு வெள்ளைப் பூ விசேஷம். ஒக்டோபரில் இந்த ஊரில் வெள்ளைப் பூவுக்கு எங்கே போவது? கடையில் செவ்வந்திச் சட்டிதான் இருக்கும், அதுவும் மஞ்சளும் கருஞ்சிவப்புமாக. சரஸ்வதி தனக்கு வேண்டியதைத் தானே வரவழைத்துக்கொண்டாள் என்று எனக்கு மெய்சிலிர்த்தது. பூசையன்றைக்குப் பறிக்கலாம் என்று விட்டுவைத்தேன். தினமும் காலையில் யன்னலால் எண்ணிப் பார்ப்பேன்.

அந்த மரம் பக்கத்து வீட்டு மதாமுடையது. எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும், எங்கள் வீட்டில் அவருக்கு மதாம் என்றுதான் பெயர். அவருடைய கணவர் மிஸ்யே. நாங்கள் இந்த வீட்டுக்கு வந்து இருபத்திநாலு வருடம். முதல் மே மாதம் நான் வேலியோரம் நின்று பூவைப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு, உங்கள் பக்கம் வருவதெல்லாம் உங்களுடையது, எடுங்கள் எடுங்கள் என்று மதாம் கையைக் காட்டினார். அன்றிலிருந்து ஒவ்வொரு மேயிலும் விடியக் குளித்துவிட்டு வந்து சுவாமிக்குப் பறித்திருக்கிறேன். சுவாமிக்குப் போகிற பூவை மணக்கக் கூடாது, மணந்தால் அது எச்சில். அதனால் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டே உள்ளே கொண்டுவருவேன். காற்றோடு வந்த வாசனை மூக்கில் பட்டிருக்கலாம். நானாகக் குனிந்து மணந்ததில்லை.

சரஸ்வதி பூசையன்று வேலைக்கு லீவு போட்டிருந்தேன். காலையில் கத்தரிக்கோலோடு இறங்கும்போது கணவர் தேநீர்க் கோப்பையோடு படியில் இருந்தார்.

"இது மே மாசமில்லை. ஒருக்கா மதாமிட்டைச் சொல்லிப்போட்டுப் பறியுமன்," என்றார்.

"இருபத்திநாலு வருசமாக் கேக்காத நான் இண்டைக்குப் போய்க் கேக்கிறதோ? சுவாமிக்குத்தானே."

எங்கள் ஆட்களுக்கு இது ஊறிப்போன எண்ணம். அயலட்டை வேலியில் எட்டிப் பறித்தாலும் சுவாமிக்கென்றால் அது களவில் சேராது. நாலு கொத்தையும் வெட்டி, ஈரத் துணியில் சுற்றி, பிரிட்ஜில் மரக்கறித் தட்டில் வைத்தேன். பூசை பின்னேரம் ஆறு மணிக்கு.

பத்து மணி போலக் கடலை அவித்துக்கொண்டு நின்றபோது, குசினி யன்னலால் மதாமைக் கண்டேன். நல்ல உடுப்புப் போட்டிருந்தார். ஒரு கையில் கத்தரிக்கோல், மற்றக் கையில் தண்ணீர் விட்ட ஜாம் போத்தல். லிலாவைச் சுற்றி வந்தார். வேலிக்கு மேலால் எட்டி எங்கள் பக்கத்துக் கிளைகளைப் பார்த்தார். கீழே புல்லிலும் தேடினார். பிறகு போத்தலைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார்.

அடுப்பைக் குறைத்துவிட்டு வெளியே போனேன்.

அவர் கோபமாக இல்லை. கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். மிஸ்யேக்கு வசந்தத்தில் பாரிசவாதம் வந்தது எனக்குத் தெரியும், கோடையோடு அவரைப் பராமரிப்பு இல்லத்தில் விட்டதும் தெரியும். மிச்சத்தை மதாம் அன்றைக்குத்தான் சொன்னார். அந்த மரம் மிஸ்யே நட்டது. கல்யாணம் செய்து அந்த வீட்டுக்கு வந்த வருடம் ஒரு குச்சியாகக் கொண்டுவந்து வைத்தாராம். மே மாதம் அது பூத்தபோது அவர் ஆஸ்பத்திரியில். மதாம் ஒரு கட்டுப் பூக் கொண்டுபோயிருக்கிறார், அந்த வார்டுக்குள் வாசனைப் பூ விடுவதில்லையாம், வாசலிலேயே கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். போன கிழமை, உன் லிலா பூத்திருக்கிறது என்று போய்ச் சொன்னபோது மிஸ்யே நம்பவில்லை. தன்னை ஆறுதல்படுத்தப் பொய் சொல்கிறாள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். அதனால் நன்றாக விரியட்டும், கொண்டுபோய்க் கண்ணுக்கு முன்னால் வைக்கிறேன் என்று காத்திருந்திருக்கிறார். மதியத்துக்குப் பிறகு பஸ் எடுக்க இருந்தார்.

"அடுத்த மேக்கு அவர் இருக்க மாட்டார். டொக்டர் சொல்லிவிட்டார்," என்றார் மதாம். அவருடைய பிரெஞ்சை நான் என் தமிழில் எழுதுகிறேன். பிறகு மரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார், "அணில்தான். இந்த வருடம் அணில்கள் எதையும் விடவில்லை."

ஓம் என்று தலையாட்டினேன். வெட்கக்கேடுதான், ஆனால் நடந்ததை எழுத வந்தால் இதையும் எழுதத்தான் வேண்டும். ஐம்பத்தெட்டு வயதில் அணிலின் தலையில் பழியைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் வந்தேன்.

கணவர் குசினிக் கதிரையில் இருந்தார். எல்லாம் கேட்டிருக்க வேண்டும். அவர் திட்டியிருந்தால் நானும் நாலு சொல்லித் தப்பியிருப்பேன்.

அந்த நேரம் பார்த்து மகள் தொலைபேசியில் வந்தாள். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் விவசாயம் படிக்கிறாள். பூசைக்கு வரச் சுணங்கும் என்று சொல்லத்தான் எடுத்தாள். நான் வேறெதுவும் சொல்லாமல், லிலா ஏன் இப்போது பூத்தது என்று மட்டும் கேட்டேன்.

"அம்மா, அது அடுத்த மே மாசத்து மொட்டு. லிலா கோடையிலேயே வாற வருசத்து மொட்டை வச்சிடும். இலை எல்லாம் கொட்டுண்டு, பேந்து இப்பிடிச் சூடும் விடாமல் நிண்டா, மரம் குளிர் முடிஞ்சுதெண்டு நினைச்சுப் பூத்திடும்."

"அப்ப மேயில?"

"அந்த நுனிகளில பூக்காது. ஒருக்காத்தானே பூக்கலாம்."

போனை வைத்துவிட்டு நின்றேன். அந்த மரம் அடுத்த மேயைத் தன் கையால் எடுத்து முன்னுக்கு நீட்டியிருக்கிறது. சரஸ்வதிக்கென்று நான் நினைத்தேன். எத்தனை வருடமாகச் சரஸ்வதிக்கு இந்த வீட்டில் செவ்வந்தி போதுமாக இருந்தது.

உடனே நல்லவளாகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். சுவாமிக்கென்று எடுத்து வைத்ததை வேறு ஆளுக்குக் கொடுக்கலாமா என்று ஒரு நிமிடம். இரண்டு அவருக்கு, இரண்டு சுவாமிக்கு என்று பிரிக்கலாமா என்று இன்னொரு நிமிடம். பிரிட்ஜைத் திறந்து துணியை விரித்துப் பார்த்தேன். நாலே நாலு. அதைப் பிரிக்கிற கணக்கு எனக்கே கேவலமாகப் பட்டது.

"காரை எடுங்கோ. மதாமைக் கூட்டிக்கொண்டு போவம்," என்றேன். கணவர் ஏற்கெனவே செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தார்.

மதாமின் கதவைத் தட்டி, துணியோடு நீட்டினேன். என் பிரெஞ்சு கார்தெரிப் பிள்ளைகளிடம் படித்த பிரெஞ்சு. யார் இதைச் செய்தது என்று நான் கேட்டால் அந்தப் பிள்ளைகள் கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு ஒரு பதில் சொல்லும். அந்தப் பதில்தான் எனக்கும் வந்தது.

"அணில் இல்லை. நான்தான்," என்றேன். கண் நிறைந்துவிட்டது. எங்கள் தேவியின் நாள், வெள்ளைப் பூ, தெரியாமல் செய்துவிட்டேன் என்று தட்டுத் தடுமாறிச் சொன்னேன்.

மதாம் துணியைப் பிரித்தார். ஒன்றும் வாடவில்லை. என்னை ஒரு முறை பார்த்தார், பூவை ஒரு முறை பார்த்தார். பிறகு முகம் முழுவதையும் பூவுக்குள் புதைத்துக்கொண்டார். நிமிர்ந்தபோது சொன்னது இதுதான்: "அணிலைவிட நீங்கள் நன்றாக வெட்டியிருக்கிறீர்கள்."

காரில் மதாம் முன்னுக்கு, மடியில் ஜாம் போத்தல். நான் பின்னுக்கு. பாதி வழியில் திரும்பிப் போத்தலை என்னிடம் நீட்டி, மணந்து பாருங்கள் என்றார். இனி அது சுவாமிக்கு இல்லைத்தானே. குனிந்து மூக்கை வைத்தேன். இருபத்திநாலு வருடம் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு போன பூ இப்படித்தான் மணக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. நல்ல வாசனை. நான் அழுததைக் கணவர் கண்ணாடியில் பார்த்திருப்பார்.

மிஸ்யே யன்னலோரம் சில்லுக் கதிரையில் இருந்தார். நன்றாக மெலிந்திருந்தார். மதாம் போத்தலை அவருக்கு முன்னால் மேசையில் வைத்தார். அவர் அதைப் பார்த்தார், யன்னலுக்கு வெளியே மஞ்சளாகி நின்ற மேப்பிள் மரத்தைப் பார்த்தார், திரும்பப் பூவைப் பார்த்தார். பிறகு வலது கையால் கொத்தை இழுத்து மூக்கோடு வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். வெகுநேரம் திறக்கவில்லை. திறந்து, "ஒக்டோபரில்," என்று ஒரே ஒரு சொல் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். மதாம் அவருடைய தலைமயிரைக் கையால் ஒதுக்கிவிட்டுக்கொண்டே இருந்தார்.

பூ வந்த கதையையும் மதாம் அவருக்குச் சொன்னார், என்னைக் காட்டி, தேவியைச் சொல்லி. மிஸ்யே என்னைப் பார்த்தார். பிறகு போத்தலிலிருந்து ஒரு கொத்தை மெதுவாக உருவினார். அதையும் ஒரு தரம் மணந்தார். என் பக்கம் நீட்டி, "அவளுக்கு," என்றார்.

மணந்த பூ சுவாமிக்கு ஆகாது என்று சொல்ல என் கார்தெரி பிரெஞ்சில் சொல் இல்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். மெர்சி என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

பின்னேரம் நாலைந்து குடும்பம் வந்திருந்தது. கும்பத்தைச் சுற்றிச் செவ்வந்தி, புத்தகங்கள், மகளின் மடிக்கணினி. அந்தக் கொத்தை வைத்துக்கொண்டு படத்துக்கு முன்னால் நின்றேன். எத்தனை பேரை, பூவை மணக்காதையுங்கோ என்று அதட்டியிருப்பேன். இது மதாம் மணந்தது, நான் மணந்தது, மிஸ்யே இரண்டு தரம் மணந்தது. என் கை கொஞ்சம் தயங்கியது.

"வையும்," என்றார் பக்கத்தில் நின்ற கணவர், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

சரஸ்வதியின் வீணைக்குக் கீழே வைத்தேன். அன்றைய தேவாரம் எனக்கு இரண்டு இடத்தில் பிசகியது.

மிஸ்யே தை மாதம் போய்விட்டார். நல்ல பனிக் காலம், வழியனுப்பப் போனவர்களில் தமிழர் நாங்கள் இரண்டு பேர்தான். மே வந்தபோது லிலா ஒன்றும் நடக்காத மாதிரிப் பூத்தது, மதாமின் பக்கம் நிறைய. எங்கள் பக்கம் நான் வெட்டிய நாலு நுனியும் வெறுமையாக நின்றன. நான் குளித்துவிட்டுக் கத்தரிக்கோலோடு வந்து, வேலியில் நின்று, எடுக்கலாமா என்று மதாமைக் கேட்டேன். எடுங்கள் என்று தலையாட்டிவிட்டு அவரும் வேலியடிக்கு வந்தார். கம்பிக்கு மேலால் கையை நீட்டி அந்த வெறும் நுனிகளை ஒவ்வொன்றாகத் தொட்டார்.

"இது மூன்றும் அவருக்குக் கிடைத்துவிட்டது," என்றார். நாலாவதைக் கொஞ்சம் கூட நேரம் பிடித்திருந்தார். "இது அவளுக்கு."