ரெட்டைப் பனைக்குக் கிழக்கே: ஆரணியிலிருந்து கலசப்பாக்கம்

பிரபலங்களைப் பார்த்தால் "உங்களுக்குப் பிடித்த ஊர் எது?" என்று கேட்டு, பதிலை இந்தப் பயண வலைப்பூவில் போடுவது என் வேலை. ஆரணியில் பிறந்ததில் அது ஒரு வசதி. புதுப் பட்டுக்கடை திறந்தால் ரிப்பன் வெட்டச் சென்னையிலிருந்து யாராவது வந்துவிடுவார்கள். இதுவரை மூன்று சுவிட்சர்லாந்து, ஒரு சிங்கப்பூர், ஒரு கொடைக்கானல்.

2008 தை மாதம் வந்தவர் ஒரு நகைச்சுவை நடிகர். பெயர் போடாமல் எழுதச் சொல்லியிருக்கிறார். அவர் வசனம் எல்லாம் எனக்கு மனப்பாடம். முண்டியடித்து முன்னால் போய், ஊர் ஊராகப் போய் எழுதுகிறவள் என்று சொல்லிக் கேட்டேன்.

"கலசப்பாக்கம்" என்றார்.

கடையே சிரித்தது. நானும்தான். அவர் வாயைத் திறந்தாலே சிரித்துப் பழகியவர்கள் நாங்கள். அவர் கையெழுத்துப் போடுவதுபோலக் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி மீதியைச் சொன்னார்.

நாடகக் கம்பெனியோடு அலைந்த காலம். கலசப்பாக்கத்தில் நாடகம் போட வந்த இடத்தில் அவருடைய கைக்குழந்தை, பெண், ஜுரத்தில் போய்விட்டது. பச்சைக் குழந்தையை எரிப்பதில்லை. செய்யாற்று மணலில், ரெட்டைப் பனைக்குக் கிழக்கே புதைத்தார்கள். அன்று மாலையே அவர் மேடையேறிச் சிரிக்க வைத்தார்.

"அப்புறம் போவலையா சார்?"

"போனேம்மா. எறங்கினதும் கூட்டம் கூடிடுது. என்னப் பாத்தா சிரிக்கத்தான செய்வாங்க. அந்த எடத்துல சிரிச்சா தாங்கலம்மா." தாளில் போன் நம்பரை எழுதினார். "நீதான் ஊர் ஊரா போறவளாச்சே. கொஞ்சம் பால் ஊத்திட்டு, எடம் எப்டி இருக்குன்னு மட்டும் சொல்லு."

அடுத்த ஞாயிறு காலையே கிளம்பிவிட்டேன். ஆரணியிலிருந்து போளூர் சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர், ஒன்பது ரூபாய். அங்கே திருவண்ணாமலை வண்டியில் ஏறி, ஐந்து ரூபாய் கொடுத்துக் கலசப்பாக்கத்தில் இறங்கினேன். உண்மையைச் சொன்னால், வழியெல்லாம் குஷிதான். அவ்வளவு பெரிய நடிகர் என்னை நம்பி ஒரு வேலை கொடுத்திருக்கிறார். நிறுத்தத்துக் கடையில் பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு ஆட்டோ பேசினேன். முப்பது ரூபாய்.

"ரெட்டப் பனையா? அங்க இன்னா இருக்குதுன்னு போற? ஷூட்டிங்கா?" என்றார் ஓட்டுநர்.

"இல்லண்ணா. தெரிஞ்சவங்க கொழந்தைய அங்க பொதச்சாங்களாம், ரொம்ப நாளைக்கு முன்னாடி."

அவர் வண்டியைக் கிளப்பினார். பனை தெரிந்ததும் வண்டியை நிறுத்தி, "நீயே பாத்துக்கோம்மா" என்றார்.

பனை இரண்டும் இருந்தன. கிழக்கே மணல் இல்லை. ஒரு லாரி முழுசாக இறங்கி நிற்கிற ஆழத்துக்குப் பள்ளம், அடியில் பாசித் தண்ணீர். கரை சரிந்து, பனையின் வேர்கள் முடி மாதிரி பள்ளத்துக்குள் தொங்கிக்கொண்டிருந்தன.

"ராவும் பகலும் அள்ளிகினு இருந்தானுங்கம்மா. எல்லாம் மெட்ராஸுக்குத்தான். அங்கதான கட்டடம் கட்டிகினே கீறாங்க" என்றார் பின்னாலேயே வந்த ஓட்டுநர்.

பாலை எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் நின்றேன். அவர்தான் பாக்கெட்டை வாங்கிப் பல்லால் கிழித்துக் கொடுத்தார். "வேர்ல ஊத்து. இந்த வேரு அந்தக் கொழந்த பக்கத்துலதான இருந்திருக்கும்." ஊற்றினேன். கேமரா பையிலேயே இருந்தது. திரும்பும்போது அவர் காசு வாங்கவில்லை.

மாலையில் போன் செய்தேன். பொய் சொல்லலாம் என்றுதான் எண்களை அழுத்தினேன். அவர் குரல் கேட்டதும் முடியவில்லை.

"மரம் இருக்குது சார். மணல் இல்ல. லாரியில அள்ளிட்டாங்க."

"எங்க எடுத்துனு போறாங்களாம்?"

"மெட்ராஸுக்கு சார்."

"அப்ப எம் பொண்ணு நான் இருக்கிற ஊருக்கே வந்துட்டாம்மா" என்றார். படத்தில் பேசுகிற அதே குரல். அந்தக் குரலைக் கேட்டு நான் சிரிக்காதது அதுதான் முதல் தடவை.

போக நினைப்பவர்களுக்கு: காலையிலேயே போய்விடுங்கள், அங்கே நிழல் கிடையாது. பள்ளத்தின் ஓரம் சரியும், பனைக்கு மேற்கே நில்லுங்கள். ஆற்றோரம் கடை எதுவும் இல்லை. பால் வாங்குவதானால் பேருந்து நிறுத்தத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.